உள்ளூர் ராக் இசைக்குழு ஒன்றைப் பின்தொடர்ந்து புதிய இசையைக் கண்டடைவது: முழுமையான வழிகாட்டி

நண்பர்கள், உறவுப் பிள்ளைகள், அலுவலகத் தோழர்கள் எனப் பலரை அவர்களுடைய முதல் சுயாதீன ராக் நிகழ்ச்சிக்கு நான் சென்னையில் அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்களில் பலர் இரண்டாம் முறை வரவில்லை. ஏன் என்று கேட்டபோது, இசையே பிடிக்கவில்லை என்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பாடலை ஒருமுறைகூடக் கேட்காமல் அரங்குக்கு வந்தார்கள், முதல் குழு வாசித்து முடித்த பிறகு உள்ளே நுழைந்தார்கள், அல்லது ஒரே மாதத்தில் பத்துக் குழுக்களைப் பின்தொடரத் தொடங்கி எதையும் மனத்தில் நிறுத்த முடியாமல் விட்டுவிட்டார்கள்.

ஒரு குழுவை முழுமையாகப் பின்தொடர்ந்தால் அதைச் சுற்றியுள்ள இசை தானாக வந்து சேரும் என்பது என் அனுபவம். அதற்குச் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் சென்னையைச் சேர்ந்தவை என்றாலும், வேறு ஊரில் இருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

பாடல் கேட்கும் செயலி ஒன்றில் உங்கள் பெயரில் தனிக்கணக்கு வேண்டும். குடும்பத்தார் அனைவரும் ஒரே கணக்கில் கேட்டால், குழந்தைப் பாடலும் பக்திப் பாடலும் கலந்த ரசனையைத்தான் செயலி உங்களுடையதாக எடுத்துக்கொள்ளும். பின்னர் அது தரும் பரிந்துரைகளால் பயன் இருக்காது.

காதை மூடும் ஹெட்ஃபோன் அல்லது தரமான இயர்ஃபோன் ஒன்று தேவை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கிதாரின் ஒலி ஏறத்தாழ முழுவதும் காணாமல் போய்விடும். ராக் குழுவில் பாட்டைத் தாங்கி நிற்பது அந்த ஒலிதான் என்பதால், அது இல்லாமல் கேட்டவர்கள் பாட்டைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள்.

வயதைக் காட்டும் அசல் அடையாள அட்டை, செவியடைப்பான் ஒரு சோடி, சிறிய குறிப்பேடு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். இவற்றின் தேவை பின்னர் வரும் படிகளில் விளங்கும்.

2. ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இண்டி, அதாவது சுயாதீன இசை, என்பது குறிப்பிட்ட ஓசையின் பெயர் அன்று; பெரிய நிறுவனத்தையோ திரைப்படத்தையோ சாராமல், தன் பாடலைத் தானே எழுதி, தானே செலவு செய்து வெளியிடும் முறையைக் குறிப்பது. ஆகவே இண்டி பிடிக்குமா என்று ஒருவரைக் கேட்பதில் பொருளில்லை. எந்தக் குழுவின் ஓசை பிடிக்கிறது என்று கேட்க வேண்டும்.

சென்னையிலேயே வேறுபாடு மிகுதி. 2006இல் தொடங்கிய ஸ்க்ராட் கனமான கிதார் ஓசையும் ஆங்கில வரிகளும் கொண்ட குழு. 2012இல் தொடங்கிய தி எஃப்16ஸ் குழுவும் ஆங்கிலத்தில்தான் பாடுகிறது, ஆனால் அதன் ஓசை கீபோர்டும் நடனத் தாளமும் கலந்தது. ஊர்கா தமிழில் பாடும் ராக் குழு. ஒவ்வொன்றிலும் இரண்டு பாடல்கள் வீதம் கேட்டுப் பார்த்து, எதை மறுபடி போடத் தோன்றுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்வு செய்யும்போது மூன்று செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். குழு கடந்த ஓராண்டுக்குள் மேடையேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பின்தொடர ஏதும் இருக்காது. குறைந்தது ஐந்து பாடல்களாவது வெளியாகியிருக்க வேண்டும். ஒரே பாடலை வைத்து ஒரு குழுவை அறிய முடியாது. அந்தக் குழு சொந்தப் பாடல்களை வாசிப்பதா என்பது மூன்றாவது. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் வார இறுதியில் வாசிக்கும் குழுக்களில் பல, திரைப்பாடல்களையோ மேலைநாட்டுப் பாடல்களையோ மீண்டும் வாசிக்கும் கவர் குழுக்கள். அவர்களுடைய உழைப்பு மதிப்புக்குரியதே, ஆனால் புதிய இசையைத் தேடிச் செல்பவருக்கு அங்கே கிடைப்பது ஏற்கெனவே தெரிந்த பாடல்தான். விளம்பரத்தில் ‘ஒரிஜினல்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குழுவிடமே கேட்டுவிடலாம், அவர்கள் பதில் சொல்வார்கள்.

3. மேடைக்கு முன் பதிவைக் கேட்டல்

நேரில் பார்த்துப் பிடித்திருந்தால் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. சிறிய அரங்கில் டிரம்ஸின் இயல்பான ஒலியே பெரிது. அதற்கு ஈடுகொடுக்க கிதாரின் ஒலியை உயர்த்துவார்கள். குரல் அடியில் அமிழ்ந்துவிடும். வரிகள் ஏற்கெனவே தெரிந்திருந்தால் காது விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். தெரியாதவருக்கு எல்லாப் பாடலும் ஒரே இரைச்சலாகப் படும்; அவர் அதைக் குழுவின் குறை என்று எடுத்துக்கொள்வார்.

கடைசியாக வெளிவந்த பாடல்களிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். குழுக்கள் மேடையில் பெரும்பாலும் புதியவற்றையே வாசிக்கும் என்பதால் உங்கள் முதல் நிகழ்ச்சிக்கு அவைதான் உதவும். முழு ஆல்பத்தைக் கேட்கும்போது மட்டும் அவர்கள் வைத்த வரிசையை மாற்ற வேண்டாம். கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். கட்டணமில்லாக் கணக்குகளில் வரிசை தானே கலைந்து ஒலிக்கக்கூடும். அப்போது குழுவின் யூடியூப் பக்கத்தில் பாடல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கலாம்.

ஒரு பாடலை மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை எதையும் கவனிக்க முயலாமல், மறுநாள் வரிகளைப் படித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்பற்றி. இடைவெளி விடுவது முக்கியம். ஒரே மாலையில் மூன்று முறை கேட்டால் பழக்கம் வருமே தவிர, பாடல் நினைவில் தங்காது. ஒரு வாரம் கழித்தும் நினைவில் நிற்கும் இசைத்துண்டு எதுவோ அதுதான் உங்களுக்கு உண்மையில் பிடித்தது.

4. செய்தி வந்து சேரும் வழியை அமைத்தல்

நேற்று நிகழ்ச்சி நடந்ததை இன்று அறிந்து வருந்தாத ரசிகரே இல்லை. இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வது மட்டும் போதாது. அங்கே எந்தப் பதிவை உங்களுக்குக் காட்டுவது என்பதைச் செயலி முடிவு செய்கிறது. ஸ்டோரியாக வரும் அறிவிப்போ 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. குழுவின் பக்கத்தில் மணி அடையாளத்தை அழுத்தி அறிவிப்பை இயக்கி வையுங்கள்.

பாடல் செயலியில் ‘ஃபாலோ’ பொத்தானை அழுத்துவதும் பாடலை விருப்பப் பட்டியலில் சேர்ப்பதும் வேறு வேறு. ஸ்பாட்டிஃபையில் நீங்கள் பின்தொடரும் கலைஞரின் புதிய வெளியீடு வெள்ளிக்கிழமைதோறும் வரும் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் இடம்பெறும். விருப்பப் பட்டியலில் மட்டும் சேர்த்தவருக்கு அந்த உறுதி இல்லை.

குழுவின் பொதுப்பக்கத்தை விட, அதில் வாசிப்பவர்களின் தனித்த இசைப்பக்கங்களில் செய்தி முன்னதாக வருவது வழக்கம். குறிப்பாக டிரம்ஸ் வாசிப்பவரைப் பின்தொடருங்கள். நல்ல டிரம்ஸ் கலைஞர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஒருவரே இரண்டு மூன்று குழுக்களுக்கு வாசிப்பது இயல்பு. அவருடைய பக்கம் ஒரு சிறு நாட்காட்டியாகவே ஆகிவிடும். குழு வழக்கமாக வாசிக்கும் அரங்குகளின் பக்கங்களையும், ஸ்கில்பாக்ஸ், புக்மைஷோ போன்ற நுழைவுச்சீட்டுச் செயலிகளில் உங்கள் ஊரின் இசைப் பிரிவையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆண்டின் சில காலங்களை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். சென்னை ஐஐடியின் சாரங் விழா ஜனவரியில் நடக்கும். முன்பதிவும் அடையாள அட்டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் டிசம்பரிலேயே அறிவிப்பைத் தேடத் தொடங்க வேண்டும். 1982இல் பிரான்சில் தொடங்கிய உலக இசை நாள் ஜூன் 21. சென்னை அல்லயன்ஸ் பிரான்சேஸ் அதை ஒட்டி நடத்தும் நிகழ்ச்சிகளில் இளம் குழுக்களைக் கேட்கலாம். நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசைவிழா டிசம்பரில் வரும்.

5. நிகழ்ச்சி நாள்

நுழைவுச்சீட்டை முன்னதாக வாங்குங்கள். உங்களுக்கு இடம் உறுதியாவதைவிட, முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சிறிய அரங்குகள் அந்தக் குழுவை மறுபடி அழைப்பதா என்று முடிவு செய்கின்றன என்பது முக்கியம். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நூறு பேர் நினைத்தால், அவர்கள் வருவார்கள் என்பது அமைப்பாளருக்குத் தெரியாது. சில இடங்களில் ‘கவர் சார்ஜ்’ என்று வாங்கும் தொகையை உணவுக்கோ பானத்துக்கோ கழித்துக்கொள்ளலாம். அதில் எவ்வளவு குழுவுக்குப் போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வயது வரம்பைக் கட்டாயம் பாருங்கள். தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படியான வயது 21. நிகழ்ச்சி மதுக்கூடத்தில் நடந்தால், இசைக்காக மட்டுமே வந்த 19 வயது மாணவரும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். உறவுப் பையன் ஒருவனுடன் நானும் ஒரு மாலை அப்படித் திரும்பியிருக்கிறேன். நுழைவுச்சீட்டுப் பணமும் திரும்பவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு அரங்குகள், கல்லூரி விழாக்கள், திறந்தவெளி நிகழ்ச்சிகள் ஆகியவையே பாதுகாப்பான தொடக்கம்.

நேரத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். அதிலிருந்து அரை மணி முதல் ஒரு மணி வரை கழித்தே முதல் குழு ஏறும். இதை அறிந்தவர்கள் முதன்மைக் குழு ஏறும் நேரத்துக்கு வந்து சேர்கிறார்கள். அதுதான் பெரிய இழப்பு. முதலில் வாசிக்கும் குழுவைப் பல நேரங்களில் முதன்மைக் குழுவே விரும்பி அழைத்திருக்கும். உங்களுக்குப் பிடித்த இசைக்கலைஞர்கள் தாங்கள் மதிக்கும் புதியவர்களைத் தங்கள் மேடையிலேயே அறிமுகம் செய்கிறார்கள். எந்தச் செயலியும் தர முடியாத பரிந்துரை அது. எனக்கு இன்று மிகவும் பிடித்த குழுக்களில் பாதியை நான் இப்படி முதல் அரைமணி நேரத்தில்தான் கண்டடைந்தேன்.

திறந்தவெளி என்றால் முடிவு நேரமும் கண்டிப்பானது. ஒலி மாசுபாடு விதிகள், 2000இன்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சில நாட்களுக்குத் தரும் தளர்வு மட்டுமே விதிவிலக்கு. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினால் குறைவது கடைசிக் குழுவின் நேரம்தான்.

நிற்பதற்கு நல்ல இடம் ஒலிக்கலவை செய்பவரின் மேசைக்கு அருகில். தன் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் ஒலியைச் சமன் செய்கிறார். அந்த இடத்தில் கேட்பது அவர் கேட்பதுதான். மேடையின் ஓரத்தில் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றால் ஒரு பக்கக் கிதார் மட்டுமே கேட்கும். முகங்களை அருகில் பார்க்க விரும்பினால் மூன்று பாடல்களுக்கு முன்னே போய்விட்டு மறுபடி மேசைக்கு அருகில் வந்துவிடுங்கள்.

செவியடைப்பானைத் தொடக்கத்திலேயே அணியுங்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் ஒரு கணக்கைத் தொழிலிடப் பாதுகாப்பு வல்லுநர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். மூடிய அறையில் ராக் குழு அந்த அளவை எளிதாக எட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற வகை மெல்லிய கூர் ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும்; இசைக்கென்று வடிகட்டி வைத்து விற்பவை எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். காது இரைந்தபடி வீடு திரும்புவது நிகழ்ச்சி நன்றாக இருந்ததற்கு அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது காது அளவுக்கு மேல் தாங்கியதற்கு அடையாளம்.

கைப்பேசியில் ஒரு பாடலை மட்டும் பதிவு செய்யுங்கள், அதுவும் இதுவரை வெளியாகாத பாடல் என்றால் வெளியிடாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சோதித்துப் பார்த்துத் திருத்தும் பாடல் பாதி நிலையில் பரவினால் குழுவுக்கு வருத்தம் தரும்.

முடிந்ததும் ஓடிவிட வேண்டாம். கருவிகளைக் கழற்றி அடுக்க அவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தேவை. அதன் பிறகு பேசலாம். ‘சூப்பரா இருந்தது’ என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாடலில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். பின்னர், நீங்கள் இப்போது யாரைக் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்த ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதிலை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இரைச்சலில் கேட்ட பெயர் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும்.

6. பணம் செலுத்தும் வழி

பாடல் செயலிகளில் 30 விநாடிகளுக்கு மேல் கேட்டால்தான் பொதுவாக ஒரு கேட்பு கணக்கில் ஏறும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளையாவது எட்டாத பாடலுக்கு உரிமத்தொகை இல்லை. சிறிய குழுவின் வருவாய் அங்கிருந்து பெரிதாக வராது என்பதை இதிலிருந்தே அறியலாம். நுழைவுச்சீட்டு, டீ-ஷர்ட், நேரடியாக வாங்கும் பாடல் கோப்பு ஆகியவையே அவர்களுக்கு உண்மையில் உதவுபவை.

குழுக்கள் தங்கள் பாடல்களையும் பொருள்களையும் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் பாடல் விற்பனையில் 15 விழுக்காட்டையும் பொருள் விற்பனையில் 10 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச் முதல் அவ்வப்போது அறிவிக்கும் சிறப்பு வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் தமிழ் ரசிகருக்கு இதுவே எளிய வழி. இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு மட்டும் இரண்டு தடைகள் உண்டு. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டிருக்கலாம். வங்கிச் செயலியில் அதை இயக்க வேண்டும். அந்தத் தளம் பணம் அனுப்பப் பயன்படுத்தும் பேபால் சேவை 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டதால், இந்தியக் குழுவுக்கு இந்தியாவிலிருந்து அந்த வழியில் பணம் போகாமல் இருக்கலாம். அப்படி நேர்ந்தால் குழுவுக்குச் செய்தி அனுப்பி யுபிஐ மூலம் செலுத்திவிட்டுக் கோப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

7. ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு

இந்தப் படிக்கு வர குறைந்தது இரண்டு மாதமாவது ஆக வேண்டும். ஒரு குழுவின் ஓசை காதில் ஊறிய பிறகே மற்றொன்றின் வேறுபாடு பிடிபடும்.

பெயர்களைப் பின்தொடருங்கள். பாடலின் விவரப் பக்கத்தில் எழுதியவர், வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். குரங்கன் என்ற சென்னைக் குழுவை எடுத்துக்கொள்வோம். அது டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து உருவாக்கியது. டென்மாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில் உருவாகி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்கு வந்து சேர்வீர்கள். கானாவும் ராப்பும் ராக் கருவிகளும் கலந்த குழு அது. அங்கிருந்து அறிவு என்ற பாடகரின் ராப்புக்கு ஒரு வழியும் கானாப் பாடகர்களுக்கு மற்றொரு வழியும் பிரிகின்றன. கபேர் வாசுகியின் பெயரைப் பிடித்தால், சொல்லை முன்னிறுத்தும் அவருடைய தனிப்பாடல்கள் கிடைக்கும். ஒரே குழுவின் இரண்டு பெயர்களிலிருந்து இத்தனை வழிகள் திறக்கின்றன.

திரையிசையிலிருந்தும் இந்த வழியில் பின்னோக்கி வரலாம். மண்டேலா (2021), மாவீரன் (2023) படங்களின் இசை பிடித்தவர் பரத் சங்கரின் பெயரைத் தேடினால் ஊர்காவுக்கு வந்து சேர்வார்.

செயலியின் பரிந்துரையை அதற்குப் பிறகே நாடுங்கள். ஒரு பாடலைக் கேட்டவர்கள் வேறெதைக் கேட்டார்கள் என்பதைப் பெரிதும் சார்ந்துதான் அது இயங்குகிறது. தமிழில் மிகப் பெரும்பாலோர் திரைப்பாடல் கேட்பதால், ஒரு தமிழ் ராக் பாடலிலிருந்து தொடங்கினாலும் நான்காம் பாடலில் திரைப்பாடல் வந்துவிடும். உங்களுக்குப் பிடித்த சுயாதீனப் பாடல்கள் பதினைந்தையாவது ஒரு தனிப்பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியலிலிருந்து பரிந்துரை கேளுங்கள், விலகல் குறையும். பிடிக்காததை உடனே தாண்டிவிடுங்கள், பின்னணியில் ஓடவிட்டால் செயலி அதை விருப்பமாக எடுத்துக்கொள்ளும்.

மாதத்துக்கு இரண்டு புதிய பெயர்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் படியின் மூன்று கேட்பைத் தாருங்கள், எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், யாருடைய பரிந்துரை உங்கள் காதோடு ஒத்துப்போகிறது என்பது எழுதியதிலிருந்தே தெரியும். அதன் பிறகு அவரைத் தயங்காமல் நம்பலாம்.

8. குழு அமைதியாகிவிட்டால்

வேலை, திருமணம், வேறு நகருக்குக் குடிபெயர்தல் என இவர்களும் எல்லோரையும் போன்ற வாழ்க்கை வாழ்பவர்கள். ஓராண்டு அறிவிப்பே இல்லையென்றால் குழு கலைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். எப்போது வருவீர்கள் என்று ஒவ்வொரு பதிவின் கீழும் கேட்டு நெருக்கவும் வேண்டாம். வாசித்தவர்களின் தனிப்பாடல்களையும் அவர்கள் இப்போது வாசிக்கும் வேறு குழுக்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஆனால் ஒரு வேலையை உடனே செய்துவிட வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டிப் பாடலைச் செயலிகளில் ஏற்றும் சில வினியோகச் சேவைகளில், குழு சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் பாடல்களும் நீங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து, குழுவின் பெயர், ஆண்டு, வாசித்தவர்களின் பெயர் ஆகியவற்றை அதே கோப்புறையில் ஒரு சிறு குறிப்பாக எழுதி வையுங்கள். பாடல் செயலியிலிருந்து மறைந்த நாளில் அந்த விவரப் பக்கமும் சேர்ந்தே மறைந்திருக்கும்.